நம் தெருச் சேவைகளைப் போனும் சென்சாரும் வைத்துச் சரிசெய்வது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

2015 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நூறு நகரங்கள் சேர்ந்தன. பக்கத்தில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அதில் வந்தன, நாகர்கோவில் வரவில்லை, நாகர்கோவில் மாநகராட்சி ஆனதே 2019-இல்தான். குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல், கொல்லங்கோடு எல்லாம் நகராட்சிகள், மீதி பேரூராட்சியும் ஊராட்சியும். அதனால் ஸ்மார்ட் சிட்டிகளில் இருப்பது போலச் சுவர் அகலத்துக்குத் திரை வைத்த கட்டுப்பாட்டு அறை என்றைக்கு வரும் என்று நாம் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த அறை இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் நடத்துகிறவர்கள், வார்டு உறுப்பினர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள், ஊர்க்கமிட்டிக்காரர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்தக் கருவியை எங்கே மாட்டினாலும், அது அனுப்பும் செய்தி யாருடைய கைக்குப் போகிறது, அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், அவர் செய்யாவிட்டால் அடுத்து யார் என்ற மூன்றுக்கும் பதில் எழுதி வைக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று சென்சார் நூறு தடவை சொன்னாலும் மோட்டார் போடுகிற ஆளுக்கு அது தெரியவில்லை என்றால் உங்கள் குழாயில் காற்றுதான் வரும். ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கடினமான வேலை, கருவி வாங்குவது சுலபம்.

ஒடிசாவில் பூரி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கக்கூடிய தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்கள், இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். தண்ணீரின் தரத்தையும் ஓட்டத்தையும் கருவிகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பதும், தண்ணீரைச் சோதிப்பதும், பணம் வாங்குவதும், புகாரைக் கேட்பதும் சுய உதவிக் குழுப் பெண்கள். ஜலசாதி என்று அவர்களுக்குப் பெயர். நம் மாவட்டத்தில் மகளிர் குழு இல்லாத ஊரே கிடையாது, அந்தப் பலத்தை நாம் இன்னும் இந்த வேலைக்குப் பயன்படுத்தவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஒன்றை மட்டும் பிடியுங்கள், தண்ணீராக இருந்தால் நல்லது

குப்பை, விளக்கு, ஓடை, நாய், ரோடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தால் இரண்டாவது வாரமே குழு கலைந்துவிடும். ஒன்றை எடுங்கள். நான் தண்ணீரைச் சொல்வேன், ஏனென்றால் எல்லா வீட்டுக்கும் அது பொது, தினமும் அளக்கவும் முடியும்.

நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையிலிருந்து தண்ணீர் வருகிறது, மேல்நிலைத் தொட்டிகளில் ஏறி, வால்வு திறக்கிற முறைப்படி தெருவுக்குத் தெரு பிரிந்து போகிறது. மக்களுக்கு உள்ள பெரிய கஷ்டம் தண்ணீர் குறைவாக வருவதைக் காட்டிலும் எப்போது வரும் என்று தெரியாததுதான். வேலைக்குப் போகிற பெண்கள் அதற்காக அரை நாள் லீவு போடுகிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள். இதை முதலில் போனை வைத்தே சரிசெய்யலாம், சென்சார் பிறகு.

ஒரே வால்வில் தண்ணீர் வாங்குகிற வீடுகளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். வார்டு முழுவதற்கும் ஒரு குழு வேண்டாம், வால்வுக்கு ஒன்று. அந்தக் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தண்ணீர் செய்தி காணாமல் போகும். அட்மின்களாக நான்கு பேர்: முதல் வீட்டில் ஒருவர், நடுவில் ஒருவர், மேடான கடைசி வீட்டில் ஒருவர், அப்புறம் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணன். அவரைக் கண்டிப்பாகச் சேருங்கள், மரியாதையாக அவரிடம் போய்ப் பேசிச் சேருங்கள். அவரைக் கண்காணிக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. எல்லா வீட்டிலிருந்தும் அவருக்குத் தினமும் வருகிற போன் இதனால் குறையும் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், இரண்டையும் முதல் வீடும் கடைசி வீடும் பதிய வேண்டும். கூடவே ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதுங்கள், எப்போதும் அதே குடம், அதே குழாய், மோட்டார் போடாமல். குடம் 15 லிட்டர் என்றால், மூன்று நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். இதுதான் ஓட்டத்தின் அளவு, மீட்டர் இல்லாமலே கிடைத்துவிட்டது. கூகுள் ஃபார்மில் நான்கு கேள்வியாகப் போட்டுவிட்டால் அது தானாக ஒரு அட்டவணையில் சேர்ந்துவிடும். ஒரு மாதத்தில் உங்களுக்கே படம் தெளிவாகும்: முதல் வீட்டில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரும்போது கடைசியில் ஒன்றுதான் வருகிறது என்றால், நடுவில் யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் அல்லது எங்கேயோ குழாய் கசிகிறது. முதல் வீட்டிலேயே குறைவு என்றால் பிரச்சினை தொட்டியில் அல்லது திறந்துவிடும் நேரத்தில். இந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போய்ப் பாருங்கள், "தண்ணியே வரல சார்" என்று சொல்லும்போது கிடைக்கிற பதிலும் இதற்குக் கிடைக்கிற பதிலும் ஒன்றாக இருக்காது.

அதற்குப் பிறகுதான் தொட்டியின் மட்டத்தை அளக்கும் சென்சார். அது மாநகராட்சியின் தொட்டி என்பதால் அனுமதியோடு அவர்கள்தான் மாட்ட வேண்டும், நீங்கள் கேட்க வேண்டியது அந்த அளவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் உங்கள் தொட்டியில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சொட்டு மருந்து விட்டு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும், வாரம் ஒரு முறை கடைசி வீட்டில் பாருங்கள். நிறமே மாறவில்லை என்றால் அன்றைக்கே புகார் கொடுங்கள், மழைக்காலத்தில் இதில் தாமதம் கூடாது.

புகார் கொடுக்கிற விதம்

இதை நிறையப் பேர் அலட்சியமாகச் செய்கிறார்கள். வார்டு உறுப்பினரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்வது புகார் கிடையாது. எண் வாங்கினால்தான் புகார். முதலமைச்சர் உதவி மையம் 1100. மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. பேரிடர் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. தூய்மை விஷயத்துக்கு ஸ்வச்சதா ஆப் இருக்கிறது. மின்சாரப் புகாருக்கு சர்வீஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கிற எண்ணைச் சொல்லுங்கள், "பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு" என்றால் நம் ஊரில் எத்தனையோ பிள்ளையார் கோயில் இருக்கிறது.

போட்டோ எடுக்கும்போது இடமும் நேரமும் படத்திலேயே விழுகிற ஜிபிஎஸ் கேமரா ஆப்பைப் பயன்படுத்துங்கள், அதிகாரிகளே தங்கள் வேலைக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு படம் தூரத்திலிருந்து, இடம் தெரிகிற மாதிரி, இன்னொன்று பக்கத்திலிருந்து. புகார் எண், தேதி, என்ன பதில், எப்போது சரியானது, சரியாகாமலே மூடிவிட்டார்களா, எல்லாவற்றையும் அதே அட்டவணையில் ஏற்றுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வேலை நடக்காமலே தீர்வு காணப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தால் அதே புகாரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள், புதிய போட்டோவுடன், கோபமில்லாமல், ஆனால் விடாமல்.

மூன்று மாதம் சேர்ந்த அட்டவணைக்கு நல்ல இடம் ஏரியா சபை, அதாவது நகரத்து வார்டுகளில் மக்கள் கூடிப் பேசுகிற கூட்டம். ஊராட்சியில் இருந்தால் கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள். ஒரே ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள், போனை நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆறும் ஓடையும்: சின்னச் சென்சார் ஒன்று

இரண்டு பருவமழையும் விழுகிற மாவட்டம் நம்முடையது. 2021 நவம்பரில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாகர்கோவிலில் பழையாறு ஏறினால் ஒழுகினசேரி பக்கம் வீடுகளுக்குள் போகும். மேற்கே பேச்சிப்பாறை அணையில் உபரி நீர் திறந்தால் கோதையாறு வழியாகத் திற்பரப்புக்கு வரும், அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், பிறகு குழித்துறை, அப்புறம் தேங்காப்பட்டணத்தில் கடல்.

அப்படிப் பார்த்தால் ஏற்கெனவே நம்மிடம் ஒரு பெரிய அளவுகோல் இருக்கிறது. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, அன்றாட மட்டம் பத்திரிகையிலேயே வருகிறது. ஆற்றங்கரையில் இருக்கிற ஊர்க்கமிட்டி மழைக்காலத்தில் தினமும் அதைக் குறித்து வைத்து, தன் ஊர்ப் பாலத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதோடு சேர்த்து எழுதிவந்தால், அணை திறந்து எத்தனை மணி நேரத்தில் நம் பாலத்துக்கு வருகிறது என்பது ஒரே மழைக்காலத்தில் தெரிந்துவிடும். பாலத் தூணில் அடிக்கணக்கு பெயிண்ட் அடிக்க நெடுஞ்சாலைத் துறையிடமோ நீர்வளத் துறையிடமோ அனுமதி கேளுங்கள், யாருடைய பாலம் என்று முதலில் விசாரித்துக்கொண்டு. அந்தப் பெயிண்டையும் ஒரு போட்டோவையும் விட நம்பிக்கையான கருவி கிடையாது, சென்சார் சொல்வது சரியா என்று பார்க்கவும் அதுதான் வேண்டும்.

சரி, சென்சார். பாலத்தின் அடியில் கீழ்நோக்கி ஒலி அலை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிற அல்ட்ராசோனிக் வகைதான் மலிவு. நீர்புகாத தலை உள்ளதை வாங்குங்கள். இதோடு ஈஎஸ்பி32 மாதிரி ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, பேட்டரி, சோலார் தகடு, சிம் கார்டு போட்டு அளவை அனுப்புகிற ஒரு சிம் மாடியூல். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் புராஜெக்டாகச் செய்யக்கூடியதுதான், நம் மாவட்டத்தில் அந்தக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, வருடாவருடம் செய்து அலமாரியில் வைக்கிற புராஜெக்டில் ஒன்றாவது பாலத்துக்கு அடியில் போகட்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. இந்த வகை சென்சாருக்கு மிகப் பக்கத்தில் இருப்பது தெரியாது, ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அளவுக்குக் குருட்டு இடம் உண்டு, அதனால் வரலாற்றில் ஏறிய உச்ச மட்டத்துக்கும் மேலே அந்த இடைவெளி விட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் ரொம்ப முக்கியமான நேரத்தில் தப்புக் கணக்குச் சொல்லும். ஆகாயத்தாமரை படர்ந்த இடத்தில் இலையைத்தான் தண்ணீர் என்று நினைக்கும். சிலந்தி வலை கட்டும், எறும்பு பெட்டிக்குள் குடும்பம் நடத்தும், மாதம் ஒருமுறை ஒருவர் போய்த் துடைக்க வேண்டும், அந்த ஆளின் பெயரை இப்போதே எழுதுங்கள். கடற்கரைக்குப் பக்கம் என்றால் உப்புக்காற்று மின்பலகையைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். பலகைக்கு மேல் பூச்சு, துருப்பிடிக்காத எஃகுத் திருகு, கேபிள் நுழைகிற துவாரத்தில் சிலிகான், இந்த மூன்றும் இல்லாமல் மணக்குடியிலோ தேங்காப்பட்டணத்திலோ ஒரு கருவியும் தாக்குப்பிடிக்காது.

சிம் வாங்கும்போது, மலிவான மாடியூல்கள் பல 2ஜியில் மட்டும் வேலை செய்பவை, ஜியோவில் 2ஜியே கிடையாது, அதனால் 4ஜி மாடியூல் வாங்குவது நல்லது. பல இடத்தில் சென்சார் வைப்பதாக இருந்தால் லோரா என்ற குறைந்த மின்சாரத்தில் தூரம் போகிற ரேடியோ முறை பொருந்தும், இந்தியாவில் அதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லாத அலைவரிசை உண்டு. ஒரு உயரமான கட்டடத்தில் ஒரே ஒரு பெறும் நிலையம், அதற்கு மட்டும் இன்டர்நெட். வேறு நாட்டு அலைவரிசைக் கருவியை ஆன்லைனில் மலிவாக இருக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

கருவி சாதாரண நாளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும், மட்டம் ஏற ஆரம்பித்ததும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. அடுத்தடுத்து மூன்று அளவும் எல்லையைத் தாண்டினால்தான் செய்தி போக வேண்டும், ஒரு காகம் வந்து உட்கார்ந்ததற்கெல்லாம் ஊரை எழுப்பினால் நிஜ வெள்ளத்தன்று யாரும் எழ மாட்டார்கள். அதே அளவு முக்கியம், கருவி பேசாமல் போனாலும் செய்தி வர வேண்டும். ஒரு மணி நேரமாக அளவு வரவில்லை என்பதே ஒரு எச்சரிக்கை.

கடற்கரை ஊர்களுக்கு

இதை நான் மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை கொடுத்தாலும் அது அவர்களுக்குக் கேட்காது, கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாது. ஆழ்கடலுக்குப் போகிற படகில் சாட்டிலைட் வழியாகச் செய்தி வாங்குகிற கருவி இருந்தே ஆக வேண்டும். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டர்களை அரசு திட்டத்தில் படகுகளுக்குக் கொடுக்கிறார்கள், உங்கள் படகில் மாட்டியிருக்கிறதா, ஆன் செய்து வைத்திருக்கிறீர்களா, அவசரப் பொத்தானை எப்படி அழுத்துவது என்று படகில் போகிற ஒவ்வொருவருக்கும் தெரியுமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல் படை 1554, இரண்டும் வீட்டுப் பெண்களின் போனிலும் இருக்கட்டும்.

கள்ளக்கடல் வேறு ஆபத்து. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து மோதும், நம் கரையில் காற்றும் இருக்காது மழையும் இருக்காது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கையை ஏற்கெனவே வெளியிட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, தண்ணீரில் இறங்குகிறவர் வரை அது போய்ச் சேரவில்லை. செயற்கைக்கோள், கணினி மாதிரி, முன்னறிவிப்பு எல்லாம் தன் வேலையைச் செய்து முடித்த பிறகு மிச்சமிருந்தது கடைசி நூறு மீட்டர்தான்.

அந்த நூறு மீட்டரை ஊர்தான் கட்ட வேண்டும். எப்படி? இருவர், மாற்றாளோடு, தினமும் காலையும் மாலையும் இன்காய்ஸ் அறிவிப்பைப் பார்ப்பது என்று பொறுப்பு எடுக்கட்டும். அவர்களுடைய சமுத்ரா ஆப்பிலும் பார்க்கலாம், டிஎன் அலர்ட், சசேத் என்ற அரசின் பேரிடர் எச்சரிக்கை ஆப் இரண்டையும் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை இருந்தால் கோயிலில் மைக் போட்டுச் சொல்லுங்கள், நம் கடற்கரையில் பங்குக் கோயில் ஒலிபெருக்கி போய்ச் சேருகிற தூரத்துக்கு எந்த ஆப்பும் போகாது. கடற்கரைக்கு இறங்குகிற ஒவ்வொரு வழியிலும் சிவப்புக் கொடி, பிரதான வாசலில் மட்டும் போதாது, தோப்புக்குள் போகிற ஒற்றையடிப் பாதையிலும். வெளியூர்க்காரர்களுக்காகத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. எச்சரிக்கைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, லாட்ஜ் நடத்துகிறவர்களையும் ஆட்டோ அண்ணன்மாரையும் அதில் சேருங்கள், சுற்றுலாப் பயணி முதலில் பேசுவது அவர்களிடம்தான்.

மற்றவை

குப்பை வண்டியில் ஜிபிஎஸ் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று மக்களும் பார்க்க வழி செய்யச் சொல்லுங்கள், வண்டி வர பத்து நிமிடம் இருக்கும்போது செய்தி வந்தால் தெருமுனையில் கொட்டுவது குறையும், வலம்புரிவிளைக் கிடங்குக்குப் போகிற கலப்புக் குப்பையும் குறையும். தூய்மைப் பணியாளர்கள் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று துரத்துவதற்கு அந்தத் தகவலைப் பயன்படுத்தாதீர்கள், அவர்கள் வேலை ஏற்கெனவே கடினமானது. தெருவிளக்குக்குத் தானாக எரிந்து அணைகிற கட்டுப்பாட்டுப் பெட்டி போதும், பகலில் எரிகிற விளக்கைக் கண்டால் அதையும் புகாராகப் பதியுங்கள்.

கேமராவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தெருவைப் பார்க்கிற கேமரா யாருடைய ஜன்னலையும் வாசலையும் பார்க்கக் கூடாது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று எழுதி ஒட்ட வேண்டும், அதிலிருந்து எடுத்த படத்தைக் குழுவில் போடுகிறவரை அன்றைக்கே நீக்க வேண்டும். உங்கள் அட்டவணையில் ஆதார் எண் தேவையே இல்லை, வீட்டு எண்ணும் தெருவும் போதும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அதற்காக மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர் நம்மை நம்பித்தான் எண்ணைக் கொடுக்கிறார்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு ஆள், செய்தி வந்ததும் கதவைத் தட்டிச் சொல்ல. இதைக் குழு தொடங்கும் அன்றே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

அரசே கருவி வாங்க முன்வந்தால்

உங்கள் அட்டவணை நன்றாக இருந்தால் ஒரு நாள் மாநகராட்சியோ பேரூராட்சியோ இதைத் தாங்களே செய்வதாகச் சொல்வார்கள். அப்போது சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடாமல், டெண்டரில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள், தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். கருவி விலையோடு குறைந்தது மூன்று வருடப் பராமரிப்பும் சிம் ரீசார்ஜும் சேர்ந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி, ரீசார்ஜ் செய்ய ஆளில்லாமல் ஊமையாகிப்போகிற சென்சார்தான் அதிகம். அளவுகள் எல்லாம் உள்ளாட்சிக்குச் சொந்தமா, ஒப்பந்தக்காரர் மாறினாலும் பழைய கணக்கு முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியுமா, மக்கள் பார்க்கிற பக்கம் தமிழில் இருக்குமா, கருவி பழுதானால் எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதற்கடுத்து. எச்சரிக்கை வந்ததும் நடவடிக்கை எடுக்க வேண்டிய பணியாளரின் பதவிப் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை என்றால், அதைச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.